நிழலில்லாத மேகம்

அந்த மேகத்துக்கு நிழல் இல்லை.

அதைக் கண்டுபிடிப்பதுதான் என் வேலை. வானத்திலிருந்து செய்மதி எடுக்கிற படத்தில் மேகம் இருந்தால், பக்கத்தில் எங்காவது காட்டின்மேல் அதன் நிழல் கறுப்பாக விழுந்திருக்கும். நிழல் இல்லாவிட்டால் அது மேகம் இல்லை. மூன்று நாள் பயிற்சியில் எனக்கு ஞாபகம் இருப்பது இது ஒன்றுதான். மிச்ச நேரம் ரோல்ஸ் சாப்பிட்டோம்.

ஸ்காபரோவில், மோர்னிங்சைட் வீதியில், ஒரு பல்வைத்தியருக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். தூரத்துக் காடுகளின் படங்களைச் சதுரம் சதுரமாக வெட்டி எங்களுக்கு அனுப்புவார்கள். ஒவ்வொரு சதுரத்திலும் தெரிவதைச் சுற்றிப் பெட்டி கீறிப் பெயர் போட வேண்டும். மரம், ஆறு, கூரை, மேகம்.

வேரோனிக்கா அக்கா பெயர் போடுவார். கல்லூரி இல்லாத நாட்களில் வருகிற நான் அதைச் சரிபார்ப்பேன். ஒஷாவாவில் இருந்து இரண்டு பஸ் மாறி வந்து, எட்டு வருடமாக ஒரு பிழையும் விடாத ஒருவரை நான் சரிபார்ப்பது கனடாவின் சிறப்புகளில் ஒன்று.

சதுரத்தைப் பெரிதாக்கினேன்.

பெரு நாட்டில், ஒரு ஆறு இடது பக்கம் வளைகிற இடம். அக்கா 'மேகம்' என்று பெட்டி போட்டிருந்த இடத்தில் ஏழு ஓலைக் கூரைகள் இருந்தன. ஒன்றிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது.

யாரோ சமைக்கிறார்கள்.

கூரைகள் கரையோரத்தில் இல்லை. நன்றாக உள்ளே தள்ளி, பெரிய மரங்களுக்கு நடுவில் இருந்தன. கரையில் ஒரு வள்ளம் கிடையாது. ஒற்றையடிப் பாதைகூட ஆறுவரைக்கும் வராமல் பாதியில் நின்றுவிட்டது. ஆற்றால் போகிறவனுக்கு அங்கே ஆள் இருப்பதே தெரியாது.

வெளியுலகத்துக்குக் கதவைச் சாத்திவிட்டார்கள் என்பது ஸ்காபரோவில் இருந்து பார்க்கவே விளங்கியது. நான் அறைக் கதவைச் சாத்தினால் அம்மா இரண்டு நிமிடத்தில் திறந்துவிடுவார். இவர்கள் எத்தனை தலைமுறையாகச் சாத்தி வைத்திருக்கிறார்களோ. எனக்கு அவர்கள்மேல் பெரிய மரியாதை வந்துவிட்டது.

மேலே இருந்தும் பார்ப்பார்கள் என்று மட்டும் அவர்களிடம் ஒருவரும் சொல்லவில்லை.

"அக்கா, உது மேகம் இல்லை."

அவர் தன் திரையில் இருந்து கண்ணை எடுக்கவில்லை. "மேகம்தான்."

"புகை வருது."

"மேகமெண்டால் கொஞ்சம் புகை மாதிரித்தான் இருக்கும்."

"நிழல் இல்லை அக்கா."

கதிரையை உருட்டிக்கொண்டு என் பக்கம் வந்தார். என் மவுஸை வாங்கினார். பக்கத்துக் காட்டில் கொஞ்சம் கடும்பச்சையாக இருந்த ஒரு துண்டைச் சுற்றிப் பெட்டி கீறி, 'மேக நிழல்' என்று பெயர் போட்டார்.

"இப்ப இருக்கு," என்றார்.

நாலு மணிக்குப் படங்கள் வாடிக்கையாளருக்குப் போக வேண்டும். அவர்கள் தங்கம் தேடும் கம்பனி. படத்தை வைத்து என்ன செய்வார்கள் என்ற விதி எங்கள் சுவரிலேயே ஒட்டியிருந்தது. வேலைக்கு வந்த ஏழு மாதத்தில் முதல்தடவையாக அதை வாசித்தேன்.

வெறும் காடென்றால் றோட்டு அந்த வழியால் போகும். கூரையென்றால் சம்மதம் கேட்க ஹெலிகொப்டரில் ஆட்கள் போவார்கள். மேகமென்றால் அந்தச் சதுரத்தை ஒதுக்கி வைத்துவிட்டு, அடுத்த வருடம் வேறு படம் எடுப்பார்கள்.

ஹெலிகொப்டரில் போகிறவர்கள் நல்லவர்களாகத்தான் இருப்பார்கள். பரிசுகள் கொண்டுபோவார்கள். கூடவே எங்கள் சளியும் தடிமனும் போகும். தடிமன் வந்தால் எனக்கு இரண்டு நாள் லீவு. வெளியாரின் நோய் எதுவும் படாத உடம்புகளுக்கு அந்த இரண்டு நாள் போதும், ஏழு கூரையும் காலியாகிவிடும்.

அவர்களைச் சும்மா விடுகிற சொல் அந்தச் சுவரில் ஒன்றுதான் இருந்தது. அக்கா அதைத்தான் போட்டிருந்தார்.

நூறில் ஒரு படத்தைக் கம்பனியே திரும்பவும் பார்க்கும்.

"பிடிபட்டால் வேலை போயிடும் அக்கா. ரெண்டு பேருக்கும்."

"ஓம்," என்றார். பிறகு, சாப்பாட்டைப் பற்றிக் கதைக்கிற குரலில் சொன்னார்: "வன்னியில சண்டை நடக்கேக்க எங்களுக்கு மேல உளவு விமானம் சுத்தும். நாங்கள் அதுக்கு வண்டெண்டு பேர் வைச்சம். அது எங்களுக்கு என்ன பேர் வைச்சதெண்டு இண்டைவரைக்கும் தெரியாது."

கதிரையைத் திரும்ப உருட்டிப் போய் அடுத்த சதுரத்தைத் திறந்தார். அதில் நிஜமாகவே மேகம். நிழலோடு.

நாலுக்குப் பத்து இருக்கும்போது எங்கள் மேலாளர் மாக்கஸ் அண்ணை வந்து என் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

"என்னடா, ஒரு சதுரத்துக்குள்ள குடியிருக்கிறாய்?"

அவர் நெற்றியில் இருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கிக்கொண்டு குனிந்தார். கூரைகளைப் பார்த்தார். புகையைப் பார்த்தார். அக்கா கீறிய நிழலையும் பார்த்தார். அதைப் பார்க்க அவருக்குக் கொஞ்சம் கூடுதலாக நேரம் எடுத்தது.

"வடிவான மேகம்," என்றார். "அடுத்த வருசமும் உதிலதான் நிக்கும் போல."

நான் 'சரி' என்ற பொத்தானை அழுத்தினேன்.

இதைப் படித்துவிட்டு யாராவது தேடிப் பார்க்கக்கூடும் என்பதால் ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்த நாடு பெரு இல்லை. ஆறு இடது பக்கம் வளையவில்லை. கூரைகளின் எண்ணிக்கையும் ஏழு இல்லை. எங்கள் அலுவலகத்துக்குக் கீழே பல்வைத்தியர் கிடையாது. அக்காவின் பெயர் வேரோனிக்கா இல்லை. மாக்கஸ் அண்ணை என்று ஒருவர் எங்களிடம் வேலை செய்ததே இல்லை.

புகை மட்டும் உண்மை. இந்த வருடம் வந்த படத்திலும் இருந்தது.

இந்தமுறை நிழலை நான் கீறினேன்.