முடிவைச் சொல்ல வந்தவர்

இரண்டாவது கண்ணிலும் சொட்டு விழுந்த பிறகுதான் அவருக்கு வாய் வந்தது.

"அம்மா, நான் வந்து…"

"பேசாதீங்க ஐயா. கண்ணை மூடிக்கிட்டே இருங்க."

மூடிக்கொண்டார்.

அவரைப் பார்த்து அப்படிச் சொல்ல இந்த ஊரில் ஆள் கிடையாது என்றுதான் இதுவரை நினைத்திருந்தார். வியாபாரிகள் சங்கத்தின் செயலாளர். இந்த மண்டபமே சங்கத்துடையது. வெளியூரிலிருந்து சொட்டு விட வந்த பெண்ணுக்கு அதெல்லாம் எப்படித் தெரியும்? பெஞ்சில் இருந்தவர்களை வரிசையாக அண்ணாந்து பார்க்கச் சொன்னாள். அவரும் பெஞ்சில்தான் இருந்தார்.

அண்ணாந்தார்.

ஏன் அண்ணாந்தார் என்பதுதான் அவருக்கு விளங்கவில்லை.

சொட்டு விட்டாயிற்று என்பதற்கு அடையாளமாக நெற்றியில் ஒரு துண்டு பிளாஸ்திரி வேறு. எல்லோருக்கும் ஒட்டினாள். அவருக்கும் ஒட்டினாள்.

கண் எரிந்தது.

வந்த வேலை இதுவல்ல. மாதத்தில் ஒரு ஞாயிறு இந்த மண்டபத்தில் இலவசக் கண் முகாம் நடக்கிறது. டாக்டர் முதல் தரையைப் பெருக்குகிறவர் வரை யாருக்கும் சம்பளம் இல்லை. முகாம் தொடர்ந்து நடக்கச் சங்கம் இடம் தரவேண்டும், உதவிக்கு இரண்டு பேரை அனுப்பவேண்டும் என்று முகாமை நடத்துகிற பிரேமலதா டீச்சர் கடை கடையாக ஏறி இறங்கினார். நல்ல காரியம் என்று எல்லோரும் சொன்னார்கள். அப்புறம் சங்கம் கூடியது. ஞாயிற்றுக்கிழமை நிச்சயதார்த்தங்களுக்கு மண்டபம் கேட்டு ஆட்கள் வந்தபடி இருக்கிறார்கள். இனி முகாமுக்கு இடமில்லை என்று முடிவாயிற்று.

மனம் நோகாமல் அதைச் சொல்லிவிட்டு வர அவரை விட்டால் ஆளில்லை என்றார்கள். அவரும் அதை நம்பிவிட்டார். வழி நெடுக வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு வந்தார். டீச்சர் உள்ளே வேலையாக இருந்தார். கால் வலித்தது. பெஞ்சில் ஓர் இடம் காலியாக இருந்தது.

வினை அங்கேதான் தொடங்கியது.

வெகுநேரம் கழித்து அந்தப் பெண்ணின் குரல் மறுபடி கேட்டது.

"எல்லாரும் எழுந்திருங்க. முன்னால நிக்கிறவங்க தோள்ல கை வச்சுக்கங்க. கண்ணைத் திறக்க வேண்டாம்."

அவர் திறந்தார். வெளிச்சம் மட்டும்தான் இருந்தது. மண்டபம் இல்லை, முகங்கள் இல்லை. பயந்துபோய் மூடிக்கொண்டார்.

இப்போதாவது சொல்லிவிடலாம். நான் நோயாளி இல்லை, செயலாளர்.

நெற்றியில் பிளாஸ்திரியோடு அதை எப்படிச் சொல்வது?

கை தானாக நீண்டது. ஒரு தோள் அகப்பட்டது. சட்டைக்குள் எலும்பாக இருந்தது. யாரென்று தெரியவில்லை. பின்னாலிருந்து ஒரு கை வந்து அவர் தோளைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அதுவும் யாரென்று தெரியவில்லை.

வரிசை நகர்ந்தது.

அவர் தினமும் புழங்குகிற மண்டபம். ஆனாலும் இப்போது எந்தப் பக்கம் போகிறோம் என்று பிடிபடவில்லை. மின்விசிறிச் சத்தம் இருக்கக்கூடாத பக்கத்தில் இருந்தது. மேடை வலப்புறமா, இடப்புறமா? தன் வீட்டுக்குள்ளேயே வழி கேட்க வேண்டும்போல் இருந்தது.

முன்னால் இருந்தவர் காலை எதிலோ மோதிக்கொண்டு முனகினார். நின்றார். ஏறினார்.

அப்போதுதான் தெரிந்தது. பாத்திர அறை வாசல்.

மழைத் தண்ணீர் உள்ளே போகக்கூடாதென்று அந்தப் படியை உயர்த்திக் கட்டியவர் அவர்தான். அண்டாக்கள் அதன் பிறகு நனையவே இல்லை. கால் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றவர்களிடமெல்லாம், பார்த்து நடக்க வேண்டியதுதானே என்று சொல்லியிருக்கிறார். ஜன்னல் இல்லாத அந்த அறையில்தான் டாக்டர் டார்ச்சோடு உட்கார்ந்திருந்தார்.

"ஏய்யா, ஏன் நின்னுட்ட? முன்னால என்ன கெடக்கு?"

தோளைப் பிடித்திருந்த கையின் குரல் அது. வயதானவள்.

அந்த அம்மாள் விழுந்துவிடுவாளோ என்று அவசரமாகத் தலையைத் திருப்பினார்.

"படிம்மா. உசரமான படி. காலை நல்லாத் தூக்கி வைங்க. என்னை விட்டுடாதீங்க."

அதை அவள் தனக்குப் பின்னால் நின்றவரிடம் சொன்னாள். அந்த ஆள் அடுத்தவரிடம் சொன்னார். படி, உசரமான படி என்று வரிசையின் கடைசி வரைக்கும் பேச்சு போவது கேட்டது.

யாரும் விழவில்லை.

அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. வந்த வேலைக்கும் இந்தச் சந்தோஷத்துக்கும் என்ன சம்பந்தம் என்று யோசித்தார். ஒன்றும் ஓடவில்லை.

டார்ச் வெளிச்சம் முகத்தில் விழுந்தது.

"ஐயோ, சார்… நீங்களா?" பிரேமலதா டீச்சரின் குரல். "உங்களுக்கு யாரு சொட்டு விட்டது? மன்னிச்சுக்கங்க சார்."

குரல் பக்கத்தில் வந்தது. பிறகு மெதுவாக,

"சங்கத்துல என்ன சார் சொன்னாங்க?"

அடுக்கி வைத்திருந்த வார்த்தைகளைத் தேடினார். ஒன்றுகூட இருந்த இடத்தில் இல்லை. எதிரில் டீச்சரின் முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஏதோ வெளுப்பாக நின்றது. அது எதையோ எதிர்பார்த்து நிற்கிறது என்று மட்டும் தெரிந்தது.

"அந்தப் படியை உடைச்சிடணும்மா," என்றார். "அடுத்த கேம்புக்குள்ள."

சொன்னது தான்தானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது.

டாக்டர் பார்த்து முடித்தவர்கள் ஒவ்வொருவராக வாசல் பக்கம் திரும்பினார்கள். அந்த அம்மாளின் கை மறுபடி வந்து அவர் தோளைப் பிடித்துக்கொண்டது.

இறங்குவதற்கும் அதே படிதான்.

அவர் முதலில் இறங்கினார். இறங்கி, திரும்பி நின்று, ஒன்றும் தெரியாத வெளிச்சத்துக்குள் கையை நீட்டினார்.