பைபிள் மேல் ஒரு சத்தியம்

"எட்டாம் கட்டளை இன்னான்னு ஊரு பசங்களுக்குச் சொல்லிக் குடுக்கறியேய்யா, அது உனுக்குக் கெடையாதா?"

சோனியா கேட்டதும் எட்வர்ட் பிட்ட இட்லியைத் தட்டிலேயே போட்டான். ஞாயிறுதோறும் மாதா கோயிலில் மறைக்கல்வி வகுப்பு எடுப்பவன் அவன். கணவன் மனைவி இருவருக்கும் கும்மிடிப்பூண்டியில் ஒரே கம்பெனி, ஷிப்ட்தான் வேறு.

"நான் எங்க பொய் சொல்லப் போறேன்? பாக்கலன்னு சொல்லப் போறேன், அவ்ளோதான்."

"பாத்துட்டுப் பாக்கலன்னா அதுக்கு இன்னா பேரு?"

பேர் அவனுக்கா தெரியாது! பொய்ச்சாட்சி என்று போர்டில் கொட்டை எழுத்தில் எழுதிப் போடுகிறவனாயிற்றே.

போன வாரம் பிரஸ் மெஷினில் அன்புவின் விரல்கள் நசுங்கிவிட்டன. இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் அந்த மெஷின் இறங்கும். கை உள்ளே மாட்டக்கூடாது என்றுதான் அந்த ஏற்பாடு. வேலை வேகமாக ஓட வேண்டும் என்று ஒரு பட்டனை அமுக்கியபடியே டேப் ஒட்டியிருந்தது. அன்புவே ஒட்டிக்கொண்டான் என்று கம்பெனியில் பேச்சு. இன்று விசாரணை. பழி விழுந்தால் ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலில் வந்து போகிற அந்த அப்பாவிக்கு வேலை போய்விடும். அன்று ஷிப்டுக்குச் சீக்கிரமே போன எட்வர்ட், ஒட்டியது யார் என்பதைக் கண்ணால் பார்த்திருந்தான்.

"உண்மையச் சொன்னா நம்ம குடும்பம் இன்னாத்துக்கு ஆவும்? பசங்க படிப்பு இன்னா ஆவும்?"

"அன்புவுக்கும்தான் குடும்பம் கீது. அவங்கம்மா நேத்து கோயில்ல அழுதுகினு இருந்துச்சி. மூஞ்சி குடுத்துப் பேச முடியல என்னால."

"யார்கிட்டயும் மூச்சு வுடமாட்டேன்னு பைபிள் மேல சத்தியம் பண்ணிகீற. மறந்துட்டியா?"

"நீதான கையப் புடிச்சிப் பண்ண வச்ச!" சோனியாவின் குரல் தணிந்தது. "பாவசங்கீர்த்தனத்துல ஃபாதர்கிட்ட கேட்டேன். பாவத்த மறைக்கப் பண்ண சத்தியம் யாரையும் கட்டாதாம். அத்தப் பண்ணதுக்கு மன்னிப்புதான் கேக்கணுமாம், காப்பாத்தக் கூடாதாம்."

எட்வர்டுக்குச் சுருக்கென்றது. பாடம் எடுப்பவனுக்கே பாடமா? தட்டோடு எழுந்துவிட்டான்.

விசாரணை அறையில் மேனேஜர் சுமலதா உட்கார்ந்திருந்தார். கட்டுப் போட்ட கையோடு அன்பு ஓரமாக நின்றான்.

"சொல்லுங்க எட்வர்ட். டேப் ஒட்டினது அன்புதானா?"

அன்பு அவனையே பார்த்தான். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த பொய் வாயில் வர மறுத்தது.

"இல்ல மேடம். அவன் ஒட்டல."

சொன்னதும் எட்வர்டுக்கு நெஞ்சிலிருந்து பாரம் இறங்கியது. அன்புவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அப்ப வேற யாரு? சூப்பர்வைசரா? பயப்படாதீங்க. உண்மையச் சொல்றவங்கள நான் விட்டுக் கொடுக்க மாட்டேன்."

எட்வர்ட் வாயைத் திறந்தான், மூடினான். எவ்வளவு முயன்றும் அந்தப் பெயர் வெளியே வரவில்லை. அப்போது கதவு திறந்தது.

"அவர ஏன் மேடம் பேஜாரு பண்றீங்க? கட்டின பொண்டாட்டி பேர எப்படிச் சொல்லுவாரு?" என்றபடி, வெளியே நின்று கேட்டுக்கொண்டிருந்த சோனியா நிமிர்ந்து உள்ளே வந்தாள். "முந்தின ஷிப்ட்ல டேப் ஒட்டிட்டு எடுக்க மறந்து போனது நான்தான்."