விற்றுப்போன பெஞ்சு

ஒரகடத்தில் மூடப்பட்ட கம்பெனியின் சாமான்களை ஏலத்தில் எடுத்து விற்கிறார் சுப்பராயன். முன்பு அதே கம்பெனியில் வேலை பார்த்த கவியாதான் இப்போது அவற்றுக்கு இணையத்தில் விளம்பரம் போடுகிறாள்.

போன் அடித்ததும் பாய்ந்து எடுத்தாள்.

"கேன்டீன் பெஞ்சு இன்னும் இருக்குதாம்மா?"

"வித்துப்போச்சு சார்." அவள் குரல் தொய்ந்தது.

"பெஞ்சு போயி மூணு மாசமாச்சு. இன்னும் இன்னாத்துக்கும்மா அந்த விளம்பரம்?" என்றார் சுப்பராயன்.

"அந்த பெஞ்சுலதான் நானும் மாரிசெல்வமும் தினம் சாப்பிடுவோம் அண்ணே. கம்பெனி மூடினதும் அவரு ஊருக்குப் போயிட்டாரு. என் போன் தொலைஞ்சு அவர் நம்பரும் போச்சு, என் நம்பரும் மாறிடுச்சு. பெஞ்சு போட்டோவைப் பாத்தாவது கூப்பிடுவாருன்னுதான்..."

சுப்பராயன் அவள் போனை வாங்கி விளம்பரத்தைப் படித்தார்.

"இதுல என் பேருதானேம்மா கீது, அவன் எப்படிக் கூப்புடுவான்? அத்த எடுத்துட்டு உன் பேரைப் போடு."