முதல்ல கூப்பிடுற பேரு

"மாரிசெல்வம்!"

டீச்சர் உள்ளேயிருந்து கூப்பிட்டதும் அனுசியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இந்த வாரமும் அவன்தான் முதல்.

நடக்கத் திணறும் பிள்ளைகளுக்கு வாரம் ஒருநாள் திருச்சுழியில் இலவசப் பயிற்சி நடக்கிறது. சுற்று வட்டாரத்து அம்மாக்கள் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு பஸ் பிடித்து வருவார்கள். டீச்சர் ஒருத்தர்தான். கை காலை நீவிவிட்டு, கம்பியைப் பிடித்து நிற்க வைத்து, ஒவ்வொரு பிள்ளையாகப் பார்ப்பார். யாரை எப்போது கூப்பிடுவது என்பது அவர் இஷ்டம்.

முதலில் அழகுத்தாயின் மகன் மாரிசெல்வம். கடைசியில் அனுசியாவின் மகள் ரோஷினி. சேர்ந்த நாளிலிருந்து இதே கதைதான்.

வேறு யாராவது முதலில் போனால் அனுசியா பொறுத்துக்கொண்டிருப்பாள். அழகுத்தாய் சொந்த ஊர்க்காரி. அவள் மாமியார் அனுசியா வீட்டுப் புஞ்சையில் களை எடுத்தவர். அனுசியாவை வாய் நிறைய "தாயி" என்பார். இவள் என்னடாவென்றால் பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு "அக்கா" என்கிறாள். புருஷன் மில் வேலைக்குப் போன தைரியம் என்று அனுசியா நினைத்துக்கொள்வாள்.

அதைக்கூட விட்டுவிடலாம். மாரிசெல்வம் இப்போது கம்பியை விட்டுவிட்டு நிற்கிறான். ரோஷினி இன்னும் தவழ்கிறாள். கதவு வழியாக அவன் நின்றதைப் பார்த்த அன்று அனுசியாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பிள்ளை எழுந்து நிற்பதற்கு வயிறு எரிகிறதே என்று கொஞ்சம் வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் எரிந்தது.

ரோஷினிக்கு மற்றப் பிள்ளைகள் அழும் சத்தம் ஆகாது. கேட்டால் மிரண்டுபோய் உடம்பை விறைத்துக்கொள்வாள். அதனால் அனுசியா அவளோடு வாசல் வேப்பமரத்தடியிலேயே காத்திருப்பாள். உள்ளே யாருக்கு என்ன நடக்கிறது என்று தெரியாது. தெரியாததை எல்லாம் அவளே இட்டுக் கட்டிக்கொண்டாள்.

"டீச்சருக்கு முருங்கைக்காய் கொண்டாந்து குடுத்து கைக்குள்ள போட்டுருக்கா. நம்ம புள்ளைக்கு எல்லாரும் போன பெறகு மிச்சம் மீதி," என்று வீட்டுக்காரரிடம் பொருமினாள்.

"நீயும் ரெண்டு காய் கொண்டு போயேன்," என்றார் அவர், செல்போனைப் பார்த்தபடி. அனுசியா எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

அடுத்த பயிற்சிக்கு முந்தின நாள் சாயங்காலம் அழகுத்தாய்க்குப் போன் போட்டாள்.

"அழகு, நாளைக்கு டீச்சர் லீவாம். வீணா அலையாத."

"நல்லவேளை சொன்னீக அக்கா," என்றாள் அழகுத்தாய்.

பொய் இவ்வளவு சுலபமாக இருக்கும் என்று அனுசியா எதிர்பார்க்கவில்லை. காலையில் ரோஷினிக்குப் புதுக் கவுன் போட்டு, வழக்கமான பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸிலேயே போய் இறங்கினாள்.

டீச்சர் வாசலை எட்டிப் பார்த்தார். அழகுத்தாய் வரவில்லையா, உங்கள் ஊர்தானே என்று விசாரித்தார். தெரியவில்லையே என்று அனுசியா முகத்தை அப்பாவியாக வைத்துக்கொண்டாள். அவள் இல்லாவிட்டால் இன்றைக்கு ரோஷினியை முதலில் பார்க்கலாமே என்றும் கேட்டுவிட்டாள்.

"முதல்லயா?" டீச்சர் தயங்கினார். "சரி, வாங்க."

அனுசியா கழுத்தை நிமிர்த்திக்கொண்டு உள்ளே போனாள்.

ஆனால் கதவுக்கு வெளியே பிள்ளைகள் வந்து சேர்ந்துகொண்டே இருந்தார்கள். ஒன்று அழ, இன்னொன்றும் அழுதது. ரோஷினி மிரண்டு விறைத்துக்கொண்டாள். டீச்சர் கெஞ்சிப் பார்த்தார், பாட்டுப் பாடிப் பார்த்தார். கால் மடங்கவே இல்லை. கொஞ்ச நேரத்தில் கையைத் துடைத்துக்கொண்டு அடுத்த பேரைக் கூப்பிட்டார்.

"அவ்வளவுதானா டீச்சர்?"

"வெளிய இத்தனை பேர் காத்திருக்காங்களே, என்ன செய்ய? முதல்ல வர்ற பிள்ளைக்கு எப்பவும் இவ்வளவுதான் நேரம் கிடைக்கும். கடைசிப் பிள்ளைன்னாதான் அவசரம் இருக்காது. அதனாலதான் ரோஷினியைக் கடைசியா வச்சுக்கிட்டு பஸ் வர்ற வரைக்கும் பார்ப்பேன்."

அனுசியா மகளின் கவுனை இழுத்துவிட்டாள்.

"அந்தக் கடைசி நேரம் முன்னாடி மாரிசெல்வத்தோடது," என்றார் டீச்சர். "நீங்க சேர்ந்த அன்னைக்கு உங்க பொண்ணு மிரள்றதைப் பார்த்துட்டு அழகுத்தாய்தான் வந்து சொன்னாங்க. எங்களை முதல்ல அனுப்பிருங்க, அந்தப் பிள்ளையைக் கூட்டம் கலைஞ்ச பெறகு பொறுமையாப் பாருங்கன்னு. உங்ககிட்டச் சொன்னா சங்கடப்படுவீங்கன்னு சொல்ல வேண்டாம்னுட்டாங்க."

அனுசியா மகளைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு வந்தாள். இடுப்பில் இருந்த பிள்ளை வழக்கத்தைவிடக் கனத்தது.

போன் அடித்தது. அழகுத்தாய். விஷயம் தெரிந்துவிட்டது போல. எடுக்கலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு எடுத்தாள்.

"அக்கா, இன்னைக்கு லீவுதானேன்னு சும்மா இருந்துறாதீக. ரோஷினியைச் செவத்தைப் பிடிச்சு நிக்க வைங்க. ஒரு வாரம் விட்டாலும் காலு இறுகிப் போயிரும். ஒத்தையில சிரமமா இருந்தா சொல்லுங்க, நான் வீட்டுக்கு வாரேன்."