பதிலுக்கு விட்ட இடம்

கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த வெர்னீட்டா படத்தைப் பார்க்கவில்லை. இருட்டுக்குக் காது கொடுத்துக்கொண்டிருந்தாள்.

திரையில் ஓடியது அவள் எடுத்த படம். வெளியாவதற்கு முன் ஜனங்களைக் கூப்பிட்டுப் போட்டுக் காட்டும் மதியக் காட்சி. லாஸ் ஏஞ்சல்ஸை ஒட்டிய அந்தப் புறநகரில் வெள்ளைக்காரர்கள்தான் அதிகம். அரங்கு நிறைந்திருந்தது.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு கறுப்பினப் பெண்ணின் படத்துக்கு இங்கே இப்படிக் கூட்டம் சேர்த்திருக்க மாட்டார்கள். இப்போது சேர்த்திருந்தார்கள். வந்தவர்களும் மரியாதையாக, இருமலைக்கூட அடக்கிக்கொண்டு பார்த்தார்கள்.

அந்த மரியாதைதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அவள் தெற்கே மெம்பிஸ் ஊர்க்காரி. அவளுடைய ஆட்களுக்குப் படம் பார்ப்பது என்றால் படத்தோடு பேசுவது. வில்லனைத் திட்டுவார்கள். நாயகிக்குப் புத்தி சொல்வார்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் பிரசங்கியாருக்குப் பதில் குரல் கொடுப்பதைப் போலத் திரைக்கும் கொடுப்பார்கள்.

அவர்கள் பேசி முடிக்கட்டும் என்று, முக்கியமான இடங்களில் எல்லாம் கொஞ்சம் மௌனம் விட்டுத்தான் படத்தைத் தொகுத்திருந்தாள்.

தயாரிப்பாளர் டக் அவற்றை வெட்டச் சொன்னார். படம் அங்கங்கே யாருக்காகவோ காத்துக்கொண்டு நிற்கிறதாம்.

உண்மைதான். நிற்கிறது.

மாதக்கணக்கில் சண்டை போட்டு இந்த ஒரு காட்சியை வாங்கியிருந்தாள். கூட்டம் அந்த மௌனங்களைத் தாங்கினால் அவை படத்தில் இருக்கும். இல்லையென்றால் போய்விடும்.

முதல் மௌனம் வந்தது. யாரோ சோளப்பொரி மென்றார்கள்.

அடுத்ததில் அதுவும் இல்லை. அவளுடைய நாயகி, வசனம் மறந்துபோனவளைப் போலத் திரையில் நின்றாள். பக்கத்தில் டக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டார்.

பிறகு அந்தக் கட்டம். விட்டுவிட்டு ஓடிய கணவன் மழையில் நனைந்தபடி கதவைத் தட்டுகிறான். நாயகியின் கை தாழ்ப்பாளுக்குப் போகிறது. அங்கேயே நிற்கிறது.

"திறக்காதடி பொண்ணே. அவன் மழைக்கு ஒதுங்க வந்திருக்கான்."

முன்பக்கத்திலிருந்து ஒரு பெண்ணின் குரல். ஊர்க்குரல். வெர்னீட்டா விட்டு வைத்திருந்த இடத்தில் அப்படியே போய் உட்கார்ந்தது.

தலைகள் திரும்பின. ஒன்று, இரண்டு, பிறகு வரிசை வரிசையாக. டக் கழுத்தை நீட்டிப் பார்த்தார்.

பின்வரிசையிலிருந்து "ஷ்ஷ்" என்று ஒரு சத்தம் வந்தது.

திரை வெளிச்சத்தில் ஓர் ஊதாத் தொப்பி பின்பக்கம் திரும்பிப் பார்த்தது. குரல் அடங்கிவிட்டது.

அதற்குப் பிறகும் மௌனங்கள் வந்தன. ஒவ்வொன்றும் திறந்து, யாரும் வராமல், மூடிக்கொண்டது.

விளக்குகள் எரிந்ததும் டக் அவள் தோளைத் தட்டினார். ரொம்பப் பிரியமாகவே பேசினார். திங்கட்கிழமை வெட்டிவிடலாம், நீயே பார்த்தாயே என்றார். அவள் தலையாட்டினாள்.

அவர் போன பிறகும் எழுந்திருக்கவில்லை.

நடைபாதையில் ஏறி வந்துகொண்டிருந்த ஊதாத் தொப்பிக்காரப் பெண்மணி அவளருகில் நின்றாள். ஐம்பதைத் தாண்டிய கறுப்பினப் பெண்மணி. அவளுக்கு வெர்னீட்டா யாரென்று தெரியாது. அவ்வளவு பெரிய அரங்கில் தன் நிறத்தில் இருந்த இன்னொரு முகம், அவ்வளவுதான். கூச்சத்தோடு சிரித்தாள்.

"மன்னிச்சுக்க தங்கச்சி. நீ 'ஷ்ஷ்'னு சொன்ன பிறகுதான், எங்க உக்காந்திருக்கேன்ங்கிற நெனப்பே வந்துச்சு."