கழுகு முத்திரைக் குவளை

"மறுபடியும் அந்தக் குவளைதானா, தம்பி?"

அப்துல் ரவூப் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். பர்கத்துல்லா தலையசைத்தான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்ததும் அவன் தாகேதாவிலுள்ள வீட்டுக்குத் திரும்புவதில்லை. நகரின் நடுவே கியாக்டடாவில் இருக்கும் ரவூபின் பழம்பொருள் கடைக்கு வந்துவிடுவான். ரவூபின் மகள் இக்ரா அந்த வெள்ளீயக் குவளையை எடுத்து வைப்பாள். அவன் அதைக் கவிழ்த்து, அடியில் பதிந்திருக்கும் கழுகைப் பார்ப்பான். வாங்க மாட்டான்.

"அமெரிக்கா சுதந்திரம் வாங்கின புதுசுல செஞ்சது, மாமா. அங்க வெள்ளீயம் சுலபமா கிடைக்காது. தேய்ஞ்ச தட்டையெல்லாம் உருக்கித்தான் வார்ப்பாங்க. அச்சு ரொம்ப விலை. ஆசாரிக்கு அப்புறம் அது மகனுக்குப் போகும். இல்லேன்னா மருமகனுக்கு."

"மருமகனுக்கு," என்றார் ரவூப். "இதுல என்னத்த ஊத்திக் குடிச்சாங்க?"

"பீர்," என்றான், குரலைத் தாழ்த்தி.

இக்ரா ஏற்கெனவே துடைத்த அலமாரியை மீண்டும் துடைத்தாள்.

அப்போது டோ சான்டா என்ற பர்மியப் பெண்மணி உள்ளே வந்தார். ஹோட்டல்களை அலங்கரிப்பவர். குவளையைப் பார்த்ததும் கையில் எடுத்தார். கேட்ட விலை தருவதாக ரவூபிடம் பர்மியில் சொல்லி, பையைத் திறந்தார்.

பர்கத்துல்லாவின் முகம் வாடியது. கைவிட்டுப் போகிற பொருளைப் பார்ப்பதுபோல் குவளையையே பார்த்தான்.

"வாப்பா, அது ஒழுகும்," என்றாள் இக்ரா.

ரவூப் கெட்டிலிலிருந்த வெறுந்தேநீரைக் குவளை நிறைய ஊற்றினார். எல்லோரும் பார்த்தார்கள். ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை.

இக்ரா தலை குனிந்தாள். பர்கத்துல்லா செருப்பைத் தேடினான்.

ரவூப் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, இது விற்பனைக்கு இல்லை என்று டோ சான்டாவிடம் சொல்லிவிட்டார். அந்த அம்மா ஒரு பித்தளை வெற்றிலைப் பெட்டியை வாங்கிக்கொண்டு போனார்.

ரவூப் தேநீரை வாசல் தொட்டியில் கொட்டி, குவளையைத் துடைத்து, பர்கத்துல்லாவின் கையில் கொடுத்தார்.

"மாமா, இதுக்கு விலை..."

"குடிகாரன் சாமான நான் இந்தக் கடைக்கு ஒருநாளும் வாங்கினதில்ல, தம்பி," என்றார் ரவூப், மகளைப் பார்த்துக்கொண்டே. "நீங்க கொண்டாந்து வச்ச உங்க குவளைய நீங்களே எடுத்துட்டுப் போங்க, அடுத்த ஜும்ஆவுக்கு உங்க வாப்பாவக் கூட்டிட்டு வாங்க."