இல்வா தாத்தா

"மமா, மமா" என்று ஓடிவந்த தமுனா, கையை விரித்துக்கொண்டு காத்திருந்த இல்வாவைத் தாண்டிப் போய், இல்வாவின் கணவன் டோர்கெலின் காலைக் கட்டிக்கொண்டாள்.

டோர்கெல் ஆறடி உயரம், முகம் நிறையத் தாடி. அவனைப் போய் அம்மா என்று கூப்பிட எந்தக் குழந்தைக்கும் மனசு வராது. சுவீடிஷிலும் சரி, ரஷ்யனிலும் சரி, அம்மாவுக்கு ஏறக்குறைய அதே வார்த்தைதான்.

"ஏப்ரன் கட்டியிருக்கேன்ல, அதான் குழம்பிட்டா" என்றான் அடுப்பைத் திரும்பிப் பார்த்தபடி.

"அப்ப என்னை ஏன் தேதாங்கறா? ரஷ்யன்ல தேதான்னா தாத்தா, தெரியுமா?"

"முடியைக் கொஞ்சம் வளர்த்திருக்கலாம் நீ."

இல்வா சிரிக்கவில்லை. சுவீடனின் லூலியோ நகரத்தில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவள் அவள். தொப்பிக்குத் தோதாக முடியை ஒட்ட வெட்டியிருந்தாள். கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு வந்தாள், தாத்தா மாதிரி ஒன்றும் தெரியவில்லை.

ஜார்ஜியாவிலிருந்து நாலு வயதுத் தமுனாவை அழைத்துவந்து ஒரு வாரம் ஆகிறது. அங்கே அநாதை இல்லத்தில் இருந்தவரை குழந்தை இவர்கள் எதிரில் வாயே திறக்கவில்லை. பேச்சு வந்ததே இங்கே வந்தபிறகுதான். அந்தப் பேச்சுக்காக இல்வா வருஷக்கணக்கில் காத்திருந்தாள்.

தத்தெடுப்பவர்களுக்கு நகராட்சி நடத்திய வகுப்பில் அவள்தான் முதல் மாணவி. குழந்தை முதலில் ஒருத்தரிடம்தான் ஒட்டும், மற்றவர் மனசொடியக்கூடாது என்றபோது பெரிதாகத் தலையாட்டியது அவள்தான். குழந்தையின் மொழியில் நாலு வார்த்தையாவது தெரியவேண்டும் என்றார்கள். அவளோ குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து ரஷ்யன் படித்தாள்.

வீண்போகவில்லை. இல்லத்தின் தலைவியம்மாள் அவளோடு ரஷ்யனில் வாய் ஓயாமல் பேசினாள். தமுனாவிடம் இல்வா பேசினால் மட்டும் குழந்தை டோர்கெலின் முகத்தைப் பார்க்கும்.

அழைப்பு மணி அடித்தது. அந்த வகுப்பை எடுத்த நகராட்சி அலுவலர் குன்வோர்தான், குழந்தை எப்படி இருக்கிறாள் என்று பார்க்க வந்திருந்தாள். காலணியைக் கழற்றி வாசலில் வைத்துவிட்டு, காபியும் பன்னும் இருந்த மேசைக்கு நேராக வந்து உட்கார்ந்தாள்.

"மொழிபெயர்க்க ஒருத்தரை ஏற்பாடு பண்ணியிருக்கேன், போன்ல வருவாங்க. ஜார்ஜியக்காரங்க" என்றாள் குன்வோர்.

"எதுக்கு? ரஷ்யன் நானே பேசுவேனே" என்றாள் இல்வா.

"நகராட்சி விதின்னு ஒண்ணு இருக்கே. ஆனா அவங்ககிட்ட யோசனையெல்லாம் கேக்கக்கூடாது. குழந்தை சொன்னதை அப்படியே மாத்திச் சொல்லுவாங்க, அவ்வளவுதான்."

போனை ஸ்பீக்கரில் போட்டு மேசைமேல் வைத்தாள். தமுனா டோர்கெலின் மடியில் ஏறிக்கொண்டு பன்னைப் பிய்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படிப் போகுது?"

"நல்லாப் போகுது" என்றான் டோர்கெல்.

"எங்கே நல்லாப் போகுது?" இல்வாவுக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "இவனை அம்மாங்கறா. என்னைத் தாத்தாங்கறா குன்வோர்."

குன்வோருக்குக் காபி புரையேறியது. சிரிப்பை மறைக்கத்தான் இருமினாளோ என்னவோ. "வகுப்புலயே சொன்னேனே இல்வா, மனசை விடக்கூடாதுன்னு."

"வகுப்புல தலையாட்டறது சுலபம். ராத்திரி அழுதா இவன்தான் வேணும், சாப்பிட இவன்தான் வேணும். நான் வீட்டுக்கு வந்த யாரோ ஒரு கிழவன்."

"ஏய், விடுப்பா" என்றான் டோர்கெல்.

"எப்படி விடறது? என்னை அம்மாவா ஏத்துக்கவே முடியலைன்னா, இந்தப் புள்ளையை எதுக்கு அத்தனை தூரத்துலேருந்து கூட்டிட்டு வந்தேன்? தப்புப் பண்ணிட்டேனா?"

இல்வா அத்தனை பெரிய வண்டியை ஓட்டுகிற கைகளால் முகத்தைப் பொத்திக்கொண்டு, மறைக்கக்கூடத் தோன்றாமல் விசும்பி விசும்பி அழுதாள்.

தமுனா மெல்ல மடியிலிருந்து இறங்கினாள். பிய்த்தது போக மிச்சமிருந்த பன்னைக் கொண்டுபோய் இல்வாவின் மடியில் வைத்தாள். பிறகு டோர்கெலைத் திரும்பிப் பார்த்து, எல்லாம் அவன் செய்த வேலைதான் என்பதுபோல் அதட்டலாகக் கேட்டாள்.

"மமா, தேதா ராதோம் திரிஸ்?"

போனில் இருந்த பெண் ஏற்ற இறக்கமில்லாத குரலில் அதை ஜார்ஜிய மொழியிலிருந்து அப்படியே மாற்றிச் சொன்னாள்.

"அப்பா, அம்மா ஏன் அழுவுறாங்க?"